கால் செங்கல் எடையுள்ள ரேடியோ

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. நான் ரேடியோ கேட்கிற ஆள் இல்லை. பாட்டு கேட்டால் எனக்குத் தலைவலி வரும். செய்தி வேண்டுமென்றால் டீக்கடையில் பேப்பர் இருக்கிறது. ஆகவே என் வீட்டு ராகிப் பானைக்குள்ளிருந்து நீங்கள் எடுத்த நான்கு டிரான்சிஸ்டர்களும் நான் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டவை அல்ல. இதை முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

என் பெயர் சின்னப்பராஜ். வயது ஐம்பத்திரண்டு. மொரப்பூர் ரயிலடியில் இறங்கி, பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். ஊரின் கிளைத் தபால் ஆபீசுக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் போஸ்ட்மாஸ்டர். ஆபீஸ் என்பது என் வீட்டு முன்னறை. ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முத்திரை. மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் பை வரும். நானே பையைப் பிரிப்பேன், நானே முத்திரை குத்துவேன், நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பதால் இங்கே தவறு நடக்க வழியில்லை என்று உங்களுக்கு முன்பு ஆய்வுக்கு வந்தவர் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மேஜைமேல் ஒரு செங்கல் இருந்ததே, அதிலிருந்து தொடங்க வேண்டும். 1981-ல் ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஒன்பது கட்டங்களில் எண்களைப் போட வேண்டும். எப்படிக் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும். சரியாகப் போட்டவர்களுக்கு முந்நூறு ரூபாய் சுவர்க் கடிகாரம் எழுபது ரூபாய்க்கு. நான் ஐந்தே நிமிடத்தில் போட்டுவிட்டேன். இருபது நாளில் டில்லியிலிருந்து கடிதம் வந்தது. ‘அன்புள்ள அறிவாளி அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்தது. அதுவரை எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. ஆனால் அதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

பின்னாலேயே வி.பி.பி. பார்சல் வந்தது. உங்களுக்குத் தெரியும், எழுதிக்கொள்கிற குமாஸ்தாவுக்காகச் சொல்கிறேன். வி.பி.பி. என்றால் பணத்தைக் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். கைக்கு வந்த பிறகுதான் பிரிக்கலாம். அதற்குள் பணம் கம்பெனிக்குக் கிளம்பியிருக்கும். நானே என்னிடம் பணம் கட்டி, நானே எனக்கு ரசீது எழுதி, நானே பிரித்தேன். உள்ளே ஒரு முழுச் செங்கல். நல்ல சிவப்பு. நம் ஊர்க் கல்லைவிட ஒரு விரல் நீளம் கூடுதல். நடுவில் மூன்று இந்தி எழுத்துகள்.

என் மனைவி ராயம்மாள் மூன்று நாள் சிரித்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டே சிரித்தாள், ஜெபம் சொல்லும்போது பாதியில் நிறுத்திச் சிரித்தாள். அந்த மூன்று நாளில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த ஊரில் இனி ஒருவரும் இப்படி ஏமாறக் கூடாது. செங்கல்லை மேஜைமேல் வைத்தேன். யார் கேட்டாலும், இந்தக் கம்பெனிக்காரர்களின் யோக்கியதையைச் சோதிக்கவே இதை வரவழைத்தேன் என்று சொன்னேன். நாலைந்து முறை சொன்னதும் எனக்கே அது அப்படித்தான் நடந்தது என்று நினைவுக்கு வந்துவிட்டது.

அதன்பிறகு விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கினேன். போலிக் கம்பெனியைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஐயா. தபால் பெட்டி எண் இருக்கும், தெருப்பெயர் இருக்காது. ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் அந்தச் சாமானுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. ‘இந்த மாதம் மட்டும்’ என்று எல்லா மாதமும் போட்டிருப்பார்கள். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்பார்கள், அந்த இன்னொன்று எப்போதும் டார்ச் லைட்டாக இருக்கும். இவற்றில் மூன்று பொருந்தினால் செங்கல் நிச்சயம் என்பது என் சித்தாந்தம்.

பேர் பரவியது. கத்தரித்த விளம்பரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு வாத்தியார் சைக்கிள் மிதித்து வந்து, தலையில் முடி வளர்க்கிற தைலம் ஒன்றைப் பற்றிக் கேட்டார். நான் விளம்பரத்தை ஒருமுறை பார்த்தேன், அவர் தலையை ஒருமுறை பார்த்தேன், வேண்டாம் என்றேன். என் காலைத் தொடப் பார்த்தார். டீக்கடையில் நான் போனால் பெஞ்சில் இடம் விடுவார்கள். மறைப்பானேன், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் முத்திரை குத்தியதற்காக ஒருவரும் எனக்கு இடம் விட்டதில்லை.

1984 மாசியில் மாதையன் வந்தார். ஆறு ஏக்கர் கடலைக்காடு உள்ளவர், யார் சொன்னாலும் அதற்கு எதிராகச் செய்து பார்க்கிற சுபாவம். டில்லி குல்மொஹர் டிரேடிங் கம்பெனியின் பாக்கெட் டிரான்சிஸ்டர் விளம்பரத்தை டீக்கடையில் என் முன்னால் விரித்தார். தபால் பெட்டி எண் இருந்தது. பெண் சிரித்தாள். இந்த மாதம் மட்டும். டார்ச் லைட் இலவசம்.

“செங்கல்” என்றேன்.

“அதெப்பிடிங்க பாக்காமயே சொல்றீங்க?” என்றார் மாதையன். “தமிள்ல எழுதுனா தமிள்லயே பதில் போடறோம்னு போட்டிருக்கான். அவ்ளோ மெனக்கெடறவன் கல்லயா அனுப்புவான்?”

“மாதையா, இதில் ரேடியோ வந்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.”

கடையில் இருந்த பன்னிரண்டு பேரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். என் மீசையை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்து இருக்கிற மீசை. பாதிரியார் ஒருமுறை குறைக்கச் சொன்னார், அவர்தான் மாற்றலாகிப் போனார். அந்த மீசையை வைத்து நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். மாதையன் அன்று சாயங்காலமே கார்டு எழுதிப் போட்டார். எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

பங்குனியில் பார்சல் வந்தது. வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு வைத்திருந்தார்கள். தராசில் வைத்தேன், அறுநூறு கிராம். கால் செங்கல். கஞ்சப் பயல்கள், முழுக் கல் வைக்கக்கூட மனமில்லை என்று நினைத்தேன். என் வேலை பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஆனால் மாதையன் மனம் உடைவதற்கு முன்பு உள்ளே என்ன மாதிரிக் கல் என்று தெரிந்துகொண்டால் ஆறுதல் சொல்லத் தோதாக இருக்கும் அல்லவா. அரக்கைத் தொடாமல் ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்தேன்.

உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டார்ச் லைட்.

ரேடியோவின் திருகைத் திருப்பினேன். பாடியது. பேட்டரிகூடப் போட்டே அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வலுத்தது. கேட்காமலே பேட்டரி போட்டு அனுப்புகிறவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நிற்கவில்லை. நான் பயந்துபோனேன், ஐயா. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். மீசையைக் கையால் மறைத்துப் பார்த்தேன். ராயம்மாளின் அண்ணன் முகம் மாதிரி இருந்தது.

பிறகு நிதானமாக யோசித்தேன். அடையாளங்கள் எல்லாம் பொருந்துகின்றன. ஆகவே இது போலிக் கம்பெனிதான். ஆகவே இது போலி ரேடியோதான். கொஞ்சநாள் பாடிவிட்டு நின்றுபோகும். அதற்குள் மாதையனுக்கு அதன்மேல் பாசம் வந்துவிடும், வேதனை இரட்டிப்பாகும். செங்கல் அந்த வகையில் நேர்மையானது. முதல் நாளே தன்னைச் செங்கல் என்று சொல்லிவிடுகிறது. ஆகவே மாதையனுக்கு வரவிருந்த ஏமாற்றத்தை நான் கொஞ்சம் முன்னதாகக் கொண்டுவந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மேஜைமேல் இருந்த டில்லிக் கல்லைப் போட்டிருந்தால் இன்று உங்களுக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது. ஆனால் அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அது என் செங்கல். வீட்டுக்குப் பின்னால் காளியப்பன் சூளை இருக்கிறது. அங்கே போய்க் கழித்துப் போட்ட குவியலில் தேடினேன். சில கற்களில் மட்டும் ஒரு மூலையில் சின்னக் குழி இருந்தது. ஈரக்கல்லை ஏதோ பிராணி மிதித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குழி இருக்கிற மூலை சுத்தியலுக்கு லேசாக உடைந்தது, வசதியாக இருந்தது. அரத்தால் ராவி ராவி, தராசில் சரியாக அறுநூறு கிராம் வரும்வரை சரிசெய்தேன். எந்தப் போலிக் கம்பெனியும் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ளாது. பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தேன்.

மறுநாள் டீக்கடையில் வைத்து மாதையன் பணத்தைக் கட்டினார், கையெழுத்துப் போட்டார், பிரித்தார். கடையில் இருந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் என் மீசையைப் பார்த்தார்கள். கடைக்காரர் பச்சியப்பன் எனக்கு மட்டும் ஸ்பெஷல் டீ போட்டுக் கொடுத்தார். மாதையன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “மேப்பக்கம் ஒரு மனையச் சுத்தி சொவரு எடுக்கணும்னுதான் இருந்தேன்” என்றார். நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

இரக்கத்தில் நானே அவருக்காகக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். திருட்டுப் பயல்களே என்று தொடங்கி நான்கு பக்கம். பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போலிக் கம்பெனி பதில் போடாது, அது ஐந்தாவது அடையாளம். ஆனால் பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. அங்கே தமிழ் தெரிந்த யாரோ இருந்திருக்க வேண்டும். ‘மதிப்புக்குரிய மாதையன் அவர்களுக்கு, நடந்ததற்கு மிகவும் வருந்துகிறோம், தங்கள் வேதனை எங்கள் வேதனை, வேறொரு ரேடியோ இலவசமாக அனுப்புகிறோம்’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதை டீக்கடையில் உரக்கப் படித்தேன். திருட்டுப் பயல் என்று எழுதியவனுக்கு இவ்வளவு மரியாதையாகப் பதில் போடுகிறவன் யோக்கியனாக இருக்க முடியுமா என்று கேட்டேன். எல்லோரும் முடியாது என்றார்கள்.

இரண்டாவது ரேடியோ வந்தது. அதுவும் பாடியது. இரண்டாவது கால் செங்கல்லை மாதையன் வாங்கிக்கொண்டார்.

நான் மறுபடி எழுதினேன், இந்த முறை ஆறு பக்கம். வந்த பதிலில், பார்சல் கட்டுகிற ஆளை வேலையைவிட்டு நீக்கிவிட்டதாகவும், அவர் இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தவர் என்றும், போகும்போது அழுதார் என்றும், இனி முதலாளியே உட்கார்ந்து கட்டி அனுப்புவார் என்றும் எழுதியிருந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்களா? இல்லை. விசாரித்தார்களா? இல்லை. ஒரு தப்பும் செய்யாதவரை இப்படித் தெருவில் விடுகிற கம்பெனி எப்படிப்பட்ட கம்பெனியாக இருக்கும் என்று நினைத்து நினைத்துக் கொதித்துப்போனேன்.

முதலாளி கட்டிய பார்சலும் வந்தது. தையல் சுமார்தான், பழைய ஆள் தைத்த மாதிரி இல்லை. மூன்றாவது கால் செங்கல்லும் போனது. கடைசியில் அந்த முதலாளி மாதையனுக்குப் பணத்தை மணியார்டரில் திருப்பி அனுப்பிவிட்டு, ‘எங்கே தவறு நடக்கிறது என்று புரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்று கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். மணியார்டரை ஒரு பைசா குறையாமல் மாதையனிடம் கொடுத்தேன். மணியார்டரில் கைவைக்கிறவன் நான் இல்லை.

மூன்று ரேடியோக்களையும் ராகிப் பானையில் வைத்துத் தினமும் பாடவிட்டுச் சோதித்தேன். என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். சத்தத்தை மிகவும் குறைத்து வைத்திருந்தேன். பேட்டரி என் சொந்தக் காசு. ராயம்மாள், “வூட்ல ராகி கொட்ட எடமில்ல, பானையில கச்சேரி நடத்தறீங்க” என்றாள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

அந்த மணியார்டர் கடிதத்தை நான் டீக்கடையில் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சூளையில் கல் அறுக்கிற குள்ளம்மாள் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆபீசுக்கு வந்தாள்.

“சார், எனக்கும் அந்த ரேடியோவுக்கு ஒரு கார்டு எளுதிக் குடுங்க.”

“உனக்கு என்ன பைத்தியமா? மாதையனுக்கு மூன்று முறை கல் வந்ததைப் பார்த்தாய் அல்லவா?”

“பாத்தங்க. மூணு தடவ மன்னிப்பு கேட்டு, பணத்தையும் திருப்பிக் குடுத்தவன் திருடனா இருக்க மாட்டானுங்க. காலையில இருந்து பொழுது எறங்கற வரைக்கும் சேத்துலயே நிக்கறேன். ஒரு பாட்டு கேட்டா தேவலைங்க.”

எனக்கு அவள் பேச்சு நெஞ்சில் தைத்தது. ஆகவே எழுதிக் கொடுக்க மறுத்தேன். அவள் தெரசா டீச்சரிடம் எழுதி வாங்கி என் பெட்டியிலேயே போட்டாள். கிழித்துப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கடிதத்தைக் கிழிப்பது குற்றம், ஐயா. பத்தொன்பது வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் தடுத்ததில்லை.

பார்சல் வந்தது. செய்ய வேண்டியதைச் செய்தேன். போன செவ்வாய்க்கிழமை அவள் பணம் கட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்தாள். பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு சூளைக்குப் போனாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். அழுதிருப்பாள் என்று ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

“சார், அந்தக் கல்ல கொஞ்சம் எடுக்கட்டுங்களா?”

என் டில்லிக் கல்லை இடது கையில் எடுத்தாள். தனக்கு வந்த துண்டு வலது கையில் இருந்தது. இரண்டையும் ஏந்திப் பார்த்தாள்.

“இது டில்லிக் கல்லுங்க. இது என் கல்லுங்க.”

துண்டின் மூலையில் இருந்த குழியில் கட்டைவிரலை வைத்தாள். மை காயாத அந்த விரல் குழிக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. “நூறு கல்லு அறுத்தா நூறாவது கல்லுக்கு நான் பெருவெரலு வெப்பனுங்க, அடையாளத்துக்கு. சூளையில வேற யாரும் வெக்க மாட்டாங்க.”

டில்லிக்காரர்கள் நம் சூளையில் கல் வாங்கியிருக்கலாம் என்றேன்.

“காளியப்பண்ணங்கிட்ட மாட்டுவண்டிதானுங்க இருக்குது. நம்ம கல்லு மொரப்பூரத் தாண்டுனதில்லைங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ரேடியோவக் குடுத்துருங்க சார். கல்லு வந்துச்சுன்னே ஊருல சொல்லிக்கறேன். உங்க மீசைக்கு ஒண்ணும் ஆவாது. சாக்குல சுத்தி வெச்சி, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி கேட்டுக்கறேன்.”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் தப்பித்துக்கொள்ள அவள் வழி கொடுத்தாள். நான் கெட்டவனாக இருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பேன்.

“குள்ளம்மா, அது போலி ரேடியோ” என்றேன்.

அப்போது உள்ளேயிருந்து, ராகிப் பானைக்குள்ளிருந்து, உழவர்களுக்கான நிகழ்ச்சி தொடங்குகிற இசை வந்தது. நான்கும் ஒரே நேரத்தில். நிலையத்தின் இடைவேளையில் திருகி வைத்ததால் நான்காவதற்குச் சத்தத்தைக் குறைக்க மறந்திருக்கிறேன். கடலையில் வரும் சிவப்புக் கம்பளிப்பூச்சியைப் பற்றி ஒருவர் கணீரென்று பேசத் தொடங்கினார்.

“பாடுதுங்களே” என்றாள் குள்ளம்மாள்.

“பாடும். போலி என்றால் பாடக் கூடாது என்று இல்லை.”

அவள் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, போகிற வழியில் மாதையன் வீட்டிலிருந்து மற்ற மூன்று துண்டுகளையும் வாங்கிக்கொண்டு, தர்மபுரி பஸ் ஏறி உங்களிடம் வந்துவிட்டாள். நான்கிலும் அவள் விரல் உட்கார்ந்ததாகச் சொன்னீர்கள். நம்புகிறேன். அது அவள் தொழில்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நான்கு பார்சல்களையும் பிரித்தது நான். ரேடியோவை எடுத்தது நான், கல்லை ராவி வைத்துத் தைத்தது நான், டில்லியில் ஒரு மனிதர் வேலை போய் அழுததற்குக் காரணமான கடிதத்தை எழுதியதும் நான். அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். எழுதுங்கள், நல்ல தையல்காரர். முதலாளி தூங்கட்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ராயம்மாள் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருக்கிறாளாம். இன்றோடு மூன்று நாள், நாளைக்கு நிறுத்திவிடுவாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரே ஒரு வேண்டுகோள். மீசையை எடுக்கச் சொல்லி வெளியே மாதையனும் பன்னிரண்டு பேரும் பார்பரோடு நிற்கிறார்கள் என்றீர்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். குள்ளம்மாளின் ரேடியோ அவளிடம் போய்விட்டது, சூளையில் காலையிலிருந்து பாடுகிறது என்கிறீர்கள். பாடட்டும். பாடிக்கொண்டே இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அது நிற்கிற அன்றைக்கு, ஐயா, பத்து வருடம் ஆனாலும் சரி, நான் எந்த ஜெயிலில் இருந்தாலும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நான் முதலிலேயே சொன்னேன் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.